வகுப்பில் 'விஷுவல் லேர்னர்' யார்? கற்றல் பாணி, தொழில்நுட்பம் பற்றி ஆய்வுகள் சொல்வது என்ன?

பி.எட் இரண்டாம் ஆண்டு மாணவி ஒருவர் பயிற்சிக்காக ஓர் அரசுப் பள்ளிக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஏழாம் வகுப்பு, கணக்குப் பாடம், தலைப்பு பின்னங்கள். வகுப்பில் 42 பேர், பீரியட் 40 நிமிடம். முந்தைய நாள் இரவு 11 மணி வரை உட்கார்ந்து அவர் எழுதிய லெசன் பிளானில் மூன்று கட்டங்கள் இருக்கின்றன. 'பார்த்துக் கற்பவர்களுக்கு' ஒரு யூடியூப் வீடியோ. 'கேட்டுக் கற்பவர்களுக்கு' ஒரு பாட்டு. 'செய்து கற்பவர்களுக்கு' காகிதம் மடிக்கும் விளையாட்டு. வழிகாட்டி ஆசிரியர் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

மறுநாள் வகுப்பு கலகலப்பாகவே போகிறது. கடைசி ஐந்து நிமிடத்தில் கரும்பலகையில் 1/2 + 1/3 என்று எழுதிக் கேட்டால், பாதிப் பேர் நோட்டில் 2/5 என்று எழுதியிருக்கிறார்கள். வீடியோவை ரசித்தவர்களும் அப்படித்தான், பாட்டுப் பாடியவர்களும் அப்படித்தான்.

இது கற்பனைக் காட்சி. ஆனால் அந்த மூன்று கட்டங்கள் பி.எட் படித்தவர்களுக்குப் புதிதல்ல. ஆசிரியர் வேலைக்கே போகாத நமக்கும் விஷயம் தெரியும். ஆபீஸ் ட்ரெய்னிங்கில் ஒரு படிவத்தில் டிக் அடித்துவிட்டு, "நான் விஷுவல் லேர்னர்ங்க, ஸ்லைடு போட்டாதான் புரியும்" என்று சொன்னவர்கள் நம்மில் எத்தனை பேர்!

ஒவ்வொருவருக்கும் ஒரு கற்றல் பாணி உண்டு, அதற்கேற்ப சொல்லிக்கொடுத்தால் நன்றாகக் கற்பார்கள். கேட்க நியாயமாக இருக்கும் இந்தக் கருத்துக்கு ஆதாரம் இருக்கிறதா? இல்லை என்றால், வகுப்பறையில் தொழில்நுட்பத்தை எதற்காகப் பயன்படுத்துவது? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

கற்றல் பாணி என்ற கருத்து எங்கிருந்து வந்தது?

இன்று உலகம் முழுக்கப் புழங்கும் வகைப்பாடு 'வார்க்'. நியூசிலாந்தில் பள்ளி ஆய்வாளராக இருந்த நீல் ஃபிளெமிங், காலீன் மில்ஸ் என்பவருடன் சேர்ந்து 1992-இல் இதை முன்வைத்தார். பார்த்தல், கேட்டல், படித்தல்-எழுதுதல், உடலியக்கம் என்ற நான்கின் ஆங்கில முதல் எழுத்துகள்தான் அந்தப் பெயர். ஒரு கேள்வித்தாளை நிரப்பினால் நீங்கள் எந்த வகை என்று சொல்லிவிடும்.

இது மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம். 2004-இல் பிரிட்டனில் ஃபிராங்க் காஃபீல்டு தலைமையிலான குழு தேடிப்பார்த்தபோது, 71 வெவ்வேறு கற்றல் பாணி மாதிரிகள் கிடைத்தன. ஒரு மாதிரிப்படி ஒரே குழந்தை 'காட்சி வழி', இன்னொன்றின்படி 'சிந்தனையாளர்', வேறொன்றின்படி 'செயல்பாட்டாளர்'. ஒரு ரத்தப் பிரிவுக்கு 71 பரிசோதனைகள் இருந்து, ஒவ்வொன்றும் ஒவ்வொரு முடிவு சொன்னால் நாம் ரத்தம் ஏற்றிக்கொள்வோமா?

இதோடு அடிக்கடி குழப்பிக்கொள்ளப்படும் இன்னொரு கோட்பாடு, ஹோவர்ட் கார்ட்னர் 1983-இல் முன்வைத்த 'பன்முக நுண்ணறிவு'. இசை, மொழி, கணக்கு எனத் திறமைகள் பல வகை என்பது அவருடைய வாதம். கண் வழியா, காது வழியா என்று அவர் பேசவே இல்லை. நுண்ணறிவு வேறு, கற்றல் பாணி வேறு என்று 2013-இல் அவரே விளக்கம் கொடுத்தார். அதற்குள் பல பாடநூல்களில் இரண்டும் ஒரே அத்தியாயத்துக்குள் போய்விட்டன.

இதை எப்படிச் சோதிப்பது?

இங்கே ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். 'எனக்குப் படம் பார்ப்பது பிடிக்கும்' என்பது விருப்பம். அதை யாரும் மறுக்கவில்லை. 'படமாகக் காட்டினால்தான் நான் அதிகம் கற்பேன்' என்பது வேறு. அது சோதித்துப் பார்க்க வேண்டிய கூற்று.

2008-இல் ஹெரால்டு பேஷ்லர் உள்ளிட்ட நான்கு அமெரிக்க உளவியலாளர்கள் இதற்கான சோதனை எப்படி இருக்க வேண்டும் என்று தெளிவாக எழுதினார்கள். 40 மாணவர்களில் 20 பேர் 'பார்த்துக் கற்பவர்கள்', 20 பேர் 'கேட்டுக் கற்பவர்கள்' என்று வைத்துக்கொள்வோம். இரண்டு குழுவிலும் குலுக்கல் முறையில் பாதிப் பேருக்குப் படம், மீதிப் பேருக்குப் பேச்சு. பிறகு எல்லோருக்கும் ஒரே தேர்வு. முதல் குழுவுக்குப் படம் அதிக மதிப்பெண் தர வேண்டும், இரண்டாம் குழுவுக்குப் பேச்சு அதிக மதிப்பெண் தர வேண்டும். முடிவு இப்படிக் குறுக்காக மாறினால்தான் கற்றல் பாணிக்கு ஆதாரம். இரண்டு குழுவுக்குமே படம்தான் நல்லது என்று வந்தால், அது அந்தப் பாடத்துக்குப் படம் நல்லது என்பதை மட்டுமே காட்டும்.

அதுவரை வெளிவந்த ஆய்வுகளை இந்த அளவுகோலில் வைத்துப் பார்த்தபோது, தேறியவை மிகக் குறைவு. அந்தக் குறைவானவற்றிலும் பல, கருத்துக்கு எதிரான முடிவையே சொல்லின. வகுப்பறையில் பின்பற்றும் அளவுக்கு ஆதாரம் இல்லை என்று அவர்கள் முடித்தார்கள்.

அதற்குப் பிறகு வந்தவையும் நிலைமையை மாற்றவில்லை. 2015-இல் பெத் ரோகோவ்ஸ்கி குழு, கல்லூரி முடித்த பெரியவர்களிடம் ஒரே புத்தகப் பகுதியை ஒலிநூலாகவும் மின்நூலாகவும் கொடுத்துச் சோதித்தது. உடனே வைத்த தேர்விலும் சரி, இரண்டு வாரம் கழித்து வைத்த தேர்விலும் சரி, பாணிக்கும் புரிதலுக்கும் தொடர்பு தெரியவில்லை. 2018-இல் அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழக உடற்கூறியல் மாணவர்களிடம் நடந்த ஆய்வில், பெரும்பாலானவர்கள் தங்கள் 'பாணி'ப்படி படிக்கவே இல்லை. அப்படிப் படித்தவர்களும் கூடுதல் மதிப்பெண் வாங்கவில்லை.

அப்போ ஏன் இத்தனை பேர் நம்புகிறார்கள்?

நம்புகிறவர்களின் எண்ணிக்கை சாதாரணம் இல்லை. 2012-இல் வெளியான ஓர் ஆய்வில், பிரிட்டன் ஆசிரியர்களில் 93%, நெதர்லாந்து ஆசிரியர்களில் 96% பேர் இதை உண்மை என்றார்கள். 2020-இல் ஃபில் நியூட்டன், அதர்வா சால்வி இருவரும் 18 நாடுகளில் 15,000-க்கும் மேற்பட்ட கல்வியாளர்களிடம் எடுக்கப்பட்ட ஆய்வுகளைத் தொகுத்தார்கள். நம்புகிறவர்கள் 89.1%. பயிற்சி ஆசிரியர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் 95.4%.

கடைசி எண்ணைக் கவனியுங்கள். ஆதாரம் இல்லை என்று ஆய்வாளர்கள் சொல்லிப் பல ஆண்டுகள் ஆன பிறகும், இனிமேல் வகுப்புக்குள் நுழையப்போகிற தலைமுறையில் நம்பிக்கை குறையவில்லை.

காரணங்கள் புரிந்துகொள்ளக் கூடியவைதான். ஒன்று, இந்தக் கருத்தில் அன்பு இருக்கிறது. 'எந்தக் குழந்தையும் மக்கு இல்லை, சொல்லிக்கொடுக்கும் விதம்தான் தப்பு' என்கிறது அது. இரண்டு, அனுபவம் அதை உறுதிப்படுத்துவது போலத் தெரியும். பேசிப் புரியவைக்க முடியாத பையனுக்குப் படம் போட்டதும் புரிந்துவிட்டால், 'பார்த்தீங்களா, அவன் விஷுவல்' என்று தோன்றும். ஆனால் அந்தப் படத்தை எல்லோருக்கும் போட்டிருந்தால் எல்லோருக்குமே இன்னும் நன்றாகப் புரிந்திருக்கலாம் அல்லவா?

எந்த வழியில் சொல்லிக்கொடுப்பது என்பதைப் பெரும்பாலும் பாடம்தான் முடிவு செய்கிறது. இந்திய வரைபடத்தைக் காதால் கற்க முடியாது. ழகர உச்சரிப்பைப் படம் பார்த்து மட்டும் பழக முடியாது. நீச்சலைப் பற்றி எத்தனை வீடியோ பார்த்தாலும் தண்ணீரில் இறங்கியாக வேண்டும். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது 'உடலியக்கப் பாணி'க்காரர்களுக்கு மட்டும் சொன்ன பழமொழி இல்லை.

நம்பிவிட்டுப் போகட்டுமே, என்ன நஷ்டம்?

முதல் நஷ்டம் நேரம். தேசிய ஆசிரியர் கல்வி கவுன்சிலின் 2014 விதிமுறைப்படி, இரண்டு ஆண்டு பி.எட் படிப்பில் பள்ளி அனுபவத்துக்குக் குறைந்தது 20 வாரம். அதில் 16 வாரம் இரண்டாம் ஆண்டில். ஒருவர் உண்மையான வகுப்பில், தப்புச் செய்து திருத்திக்கொள்ளக் கிடைக்கும் காலம் அவ்வளவுதான். அதில் ஒரு பாடத்தை மூன்று வடிவில் தயாரிக்கப் போகும் இரவுகள், 2/5 என்று எழுதிய நோட்டுகளைப் புரட்டிப் பார்க்கப் போயிருக்கலாம்.

இரண்டாவது நஷ்டம் முத்திரை. 2023-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், 'பார்த்துக் கற்பவர்', 'கையால் செய்து கற்பவர்' என்று இரண்டு விதமாகக் குழந்தைகளை விவரித்து, யார் புத்திசாலி என்று கேட்டார்கள். பெற்றோர், குழந்தைகள், ஆசிரியர்கள் என எல்லாத் தரப்பிலும் 'பார்த்துக் கற்பவர்' பக்கமே சாய்வு இருந்தது. குழந்தையைப் பற்றி வேறு எந்தத் தகவலும் தராமலே இந்த முடிவு.

நம் ஊர் வகுப்பறையில் இதை வைத்துப் பாருங்கள். 'இவன் கைவேலைக்குத்தான் சரிப்படுவான்' என்ற வார்த்தை இங்கே எந்தக் குழந்தைகளைப் பார்த்துச் சொல்லப்பட்டு வந்திருக்கிறது என்பது நமக்குத் தெரியும். அதே வார்த்தை 'கினஸ்தெடிக் லேர்னர்' என்று ஆங்கில உடை போட்டுக்கொண்டு வந்தால் கேள்வி கேட்க ஆள் இருக்காது. அன்பில் தொடங்கிய கருத்து ஒரு குழந்தையின் எல்லையை எழுதிவிடும் இடம் இது.

அப்படியானால் மாணவர்களிடையே வித்தியாசமே இல்லையா?

இருக்கிறது, நிறையவே இருக்கிறது. ஆனால் அது கண்ணா காதா என்பதில் இல்லை. ஏற்கெனவே என்ன தெரியும் என்பதில் இருக்கிறது.

2024 ஏசர் அறிக்கைப்படி, கிராமப்புற இந்தியாவில் ஐந்தாம் வகுப்புக் குழந்தைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தைப் படிக்க முடிந்தவர்கள் 48.8%. சுமார் பாதி. அதாவது ஒரே பெஞ்சில், ஒரே பாடநூலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் இருவரில் ஒருவருக்கு அந்தப் புத்தகத்தை வாசிக்கவே முடியாமல் போகலாம்.

டெல்லியில் கார்த்திக் முரளிதரன், அபிஜித் சிங், அலெஹாண்ட்ரோ கனிமியன் மூவரும் நடத்தி 2019-இல் வெளியிட்ட ஆய்வு இதை இன்னும் துல்லியமாகக் காட்டியது. அவர்கள் சோதித்த ஆறாம் வகுப்பு மாணவர்கள் கணக்கில் சராசரியாகச் சுமார் இரண்டரை வகுப்பு பின்தங்கியிருந்தார்கள். ஒன்பதாம் வகுப்பில் அந்த இடைவெளி சுமார் நாலரை வகுப்பு. வகுப்பு ஏற ஏற, புத்தகம் முன்னே போகிறது, பிள்ளை அங்கேயே நிற்கிறது. வழக்கமான பள்ளி வகுப்பை மட்டும் நம்பியிருந்த மாணவர்களில், கடைசி மூன்றில் ஒரு பங்கினர் ஆய்வுக் காலத்தில் முன்னேறியதற்கான தடயமே கிடைக்கவில்லை.

1/2 + 1/3 = 2/5 என்று எழுதிய பையனுக்குத் திரும்புவோம். அவன் மேலே உள்ளதை மேலே உள்ளதோடும், கீழே உள்ளதைக் கீழே உள்ளதோடும் கூட்டியிருக்கிறான். பின்னம் என்பது ஒரே எண் என்ற புரிதல் அவனுக்கு இன்னும் வரவில்லை. அவனிடம் '1/3 பெரியதா, 1/4 பெரியதா?' என்று கேட்டால், 4 பெரிய எண் என்பதால் 1/4 என்று சொல்லக்கூடும். இது மூன்றாம், நான்காம் வகுப்பில் விழுந்த ஓட்டை. இதை எந்த வண்ண வீடியோவும் தானாக அடைக்காது. முதலில் ஓட்டை எங்கே என்று தெரிய வேண்டும்.

ஒரு முக்கியமான விஷயம். பார்வைக் குறைபாடு, செவித்திறன் குறைபாடு, டிஸ்லெக்சியா போன்ற கற்றல் குறைபாடு உள்ள குழந்தைகளுக்குத் தேவைப்படும் ஏற்பாடுகளைக் கற்றல் பாணியோடு குழப்பக் கூடாது. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில் குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் ஒன்று. பிரெயில், ஒலிநூல், கூடுதல் நேரம் இவையெல்லாம் அந்தக் குழந்தைகளின் உரிமை. 'உனக்கு எது பிடிக்கும்' என்ற கேள்விக்கான பதில் அல்ல.

தொழில்நுட்பம் எங்கே உதவுகிறது, எங்கே கெடுக்கிறது?

இந்தக் கேள்விக்கு உலகத்துக்கே பாடம் சொல்லும் ஆய்வுகள் இந்தியாவில் நடந்திருக்கின்றன. மூன்றை மட்டும் பார்ப்போம். ஆய்வாளர்கள் முடிவைத் 'திட்ட விலக்கம்' என்ற அலகில் சொல்வார்கள். புரிவதற்காக அதை 100 பேர் வரிசையில் 50-ஆவது இடத்தில் நிற்கும் மாணவர் எங்கே போவார் என்று தோராயமாக மாற்றியிருக்கிறேன்.

முதலாவது, வதோதரா. அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ உள்ளிட்டோர் 2007-இல் வெளியிட்டது. நான்காம் வகுப்புக் குழந்தைகளுக்கு வாரம் இரண்டு மணி நேரம் கணினியில் கணக்கு விளையாட்டு. ஒவ்வொரு குழந்தையின் நிலைக்கேற்பக் கேள்வியின் கடினம் மாறும். முன்னேற்றம் 0.47. நம் 50-ஆவது மாணவர் 32-ஆவது இடத்துக்கு வருவார்.

இரண்டாவது, குஜராத்திலேயே லீ லிண்டன் 2008-இல் வெளியிட்டது. ஒரே கணினித் திட்டத்தை இரண்டு விதமாகச் சோதித்தார். பள்ளி நேரத்துக்கு வெளியே கூடுதலாகக் கொடுத்தபோது முன்னேற்றம் 0.28, அதாவது 50-இலிருந்து 39. அதே திட்டம் ஆசிரியரின் பாட நேரத்தை எடுத்துக்கொண்டபோது 0.57 சரிவு. 50-ஆவது மாணவர் 72-ஆவது இடத்துக்குப் போய்விட்டார். கணினி அதேதான், மென்பொருளும் அதேதான். எதைத் தள்ளிவிட்டு அது உள்ளே வந்தது என்பதுதான் வித்தியாசம்.

மூன்றாவது, மேலே சொன்ன டெல்லி ஆய்வு. பள்ளி முடிந்த பிறகு மையத்துக்கு வரும் மாணவர்களுக்கு 45 நிமிடம் கணினி, 45 நிமிடம் சிறு குழுவாக ஆசிரியருடன். மென்பொருள் முதலில் சோதித்து, ஏழாம் வகுப்பு மாணவனாக இருந்தாலும் அவன் நிற்கும் நாலாம் வகுப்புக் கணக்கிலிருந்து தொடங்கும். நாலரை மாதத்தில் கணக்கில் 0.37, இந்தியில் 0.23 முன்னேற்றம். கணக்கில் 50-ஆவது மாணவர் 36-ஆவது இடத்துக்கு வருவார்.

இதில் ஒரு வருத்தமான பின்குறிப்பு உண்டு. ஆய்வாளர்களின் தேர்வில் தெரிந்த கணக்கு முன்னேற்றம், பள்ளி நடத்திய கணக்குத் தேர்வில் தெரியவில்லை. ஏனென்றால் பள்ளித் தேர்வு ஏழாம் வகுப்பு நிலையில் கேள்வி கேட்கிறது. மூன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்புக்கு ஏறிய பையனின் உழைப்பு அந்த விடைத்தாளில் பதிவாகாது.

எதிர் உதாரணம் பெரு நாடு. குழந்தைக்கு ஒரு லேப்டாப் என்ற திட்டத்தை 300-க்கும் மேற்பட்ட பள்ளிகளில் ஆராய்ந்து 2012-இல் வந்த அறிக்கை, கணக்கிலும் மொழியிலும் மதிப்பெண் உயர்ந்ததற்கு ஆதாரம் இல்லை என்றது. சாதனம் கையில் இருந்தது. அதை வைத்து என்ன கற்பிப்பது என்ற திட்டம் இல்லை.

கூடவே இன்னொரு தகவல். 2021-இல் தமிழ்நாட்டில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வியில் பெரிய கருவி எதுவும் இல்லை. தன்னார்வலர்கள் மாலையில் தெருவிலோ திண்ணையிலோ சொல்லிக்கொடுத்தார்கள். கொரோனா காலக் கற்றல் இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு, பள்ளி திறந்து ஆறு மாதத்துக்குள் மீண்டதாகவும், அந்த மீட்சியில் சுமார் 24% இத்திட்டத்தால் வந்ததாகவும் அபிஜித் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆய்வு கணக்கிட்டது. கூடுதல் நேரமும், கவனிக்கும் ஒரு மனிதரும். அதன் பலன் அது.

இவற்றைச் சேர்த்துப் பார்த்தால் ஒரு வரிசை தெரிகிறது. தொழில்நுட்பம் குழந்தையின் நிலையைக் கண்டுபிடித்து, அங்கிருந்து பயிற்சி கொடுத்து, ஆசிரியரின் நேரத்தோடு கூடுதலாகச் சேரும்போது உதவுகிறது. ஆசிரியருக்குப் பதிலாக வரும்போதும், வெறும் காட்சிப் பொருளாக இருக்கும்போதும் உதவுவதில்லை.

பள்ளிகளில் கருவிகள் எந்த அளவு இருக்கின்றன?

மத்திய கல்வி அமைச்சகத்தின் யுடைஸ் பிளஸ் 2024-25 தரவுப்படி, கணினி வசதி உள்ள பள்ளிகள் 64.7%, இணையம் உள்ளவை 63.5%. அதற்கு முந்தைய ஆண்டு இவை 57.2%, 53.9%. வேகமாக உயர்கிறது, ஆனால் மூன்றில் ஒரு பள்ளியில் இன்னும் இல்லை.

வீட்டு நிலவரம் வேறு. 2024 ஏசர் அறிக்கையில், 14 முதல் 16 வயதுக்காரர்களில் 82.2% பேர் தங்களுக்கு ஸ்மார்ட்போன் பயன்படுத்தத் தெரியும் என்றார்கள். அவர்களில் முந்தைய வாரத்தில் படிப்புக்காகப் பயன்படுத்தியவர்கள் 57%, சமூக ஊடகத்துக்காகப் பயன்படுத்தியவர்கள் 76%. 2017-இல் தொடங்கிய தீக்‌ஷா தளம், பாடநூலில் அச்சான க்யூஆர் கோடு எல்லாம் இந்த போனுக்குள்தான் இருக்கின்றன. பாடம் எட்டும் தூரத்தில் இருக்கிறது. அதை எந்தப் பக்கத்தில் திறப்பது என்று சொல்ல ஆள் வேண்டும்.

சரி, பயிற்சி ஆசிரியர் நாளைக்கு என்ன செய்யலாம்?

நம் ஏழாம் வகுப்பு பின்னப் பாடத்தையே எடுத்துக்கொள்வோம். அதே 40 நிமிடம், அதே 42 பேர், ஆசிரியரிடம் ஒரு போன்.

*முதல் ஐந்து நிமிடம், சோதனை.* மூன்றே கேள்வி. 1/3, 1/4 இவற்றில் எது பெரியது? 2/4-க்குச் சமமான பின்னம் ஒன்று சொல். 1/2 + 1/3 எவ்வளவு? துண்டுச் சீட்டில் எழுதி வாங்கினால் போதும். யார் எந்தக் கேள்வியில் நின்றுவிட்டார்கள் என்பதே மூன்று குழுவைப் பிரித்துத் தந்துவிடும்.

*அடுத்த பத்து நிமிடம், எல்லோருக்கும் எல்லா வழியும்.* காகிதத்தை மடித்துக்கொண்டே பேசுங்கள், பேசிக்கொண்டே பலகையில் எழுதுங்கள். பொருத்தமான படமும் சொல்லும் ஒன்றாக வரும்போது பொதுவாகவே கற்றல் கூடுகிறது என்பது ரிச்சர்ட் மேயர் போன்றோரின் நீண்டகால ஆய்வு முடிவு. அதே ஆய்வுகள் சொல்லும் எச்சரிக்கையும் உண்டு. பாடத்துக்குச் சம்பந்தமில்லாத பின்னணி இசை, ஆடும் பொம்மை இவை கவனத்தைத் திருடும். வீடியோ போடுவதானால் தேவையான ஒன்றரை நிமிடத்தை மட்டும் போட்டு நிறுத்திக் கேள்வி கேளுங்கள்.

*அடுத்த இருபது நிமிடம், நிலைக்கேற்ற பயிற்சி.* முதல் கேள்வியிலேயே நின்றவர்கள் காகிதப் பட்டைகளை அடுக்கி ஒப்பிடட்டும், ஆசிரியர் அவர்களோடு உட்காரட்டும். அடுத்த குழு சமான பின்னங்கள். மூன்றாவது குழு வேறு வேறு பகுதி உள்ள பின்னங்களைக் கூட்டட்டும். கணினி அறை கிடைக்கும் நாளில், இந்த இருபது நிமிடத்துக்குத்தான் மென்பொருள் தேவை.

இது வெளிநாட்டுச் சரக்கு இல்லை. ஆந்திராவின் ரிஷி வேலி பள்ளியின் அனுபவத்திலிருந்து 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல், ஒவ்வொரு குழந்தையும் தன் வேகத்தில் ஏறும் ஏணியைத்தான் வகுப்பில் வைத்தது. 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தின் அரும்பு, மொட்டு, மலர் பிரிவுகளும் நிலை அடிப்படையில் ஆனவையே.

'இதுவும் ஒரு முத்திரைதானே?' என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. நிலை என்பது மாறக்கூடியது, மாற்றுவதற்காகவே கண்டுபிடிப்பது. ஆனால் மாதம் முழுக்க அதே குழுவில் உட்காரவைத்தால் அதுவும் முத்திரையாகிவிடும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அந்த மூன்று கேள்விச் சீட்டைத் திரும்பக் கொடுத்து, குழுவை மாற்றுவது அவசியம்.

*கடைசி ஐந்து நிமிடம், புத்தகத்தை மூடிவிட்டு ஒரு கேள்வி.* அடுத்த வாரம் இதே பாடத்திலிருந்து இன்னொரு கேள்வி. 2006-இல் ரோடிகர், கார்பிக்கி இருவரும் நடத்திய சோதனையில், ஒரு பத்தியைத் திரும்பப் படித்தவர்களுக்கு ஐந்து நிமிடம் கழித்து 81% நினைவிருந்தது. படித்ததைப் பார்க்காமல் நினைவுகூர்ந்து எழுதியவர்களுக்கு 75%. ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் கதை தலைகீழ். திரும்பப் படித்தவர்கள் 42%, நினைவுகூர்ந்தவர்கள் 56%. வீடியோவை மறுபடி பார்ப்பது புரிந்த மாதிரி ஒரு தெம்பைத் தரும். கேள்விதான் உண்மையைச் சொல்லும்.

2013-இல் ஜான் டன்லோஸ்கி குழு பத்துக் கற்றல் உத்திகளை மதிப்பிட்டபோது, அதிகப் பயன் என்று தரம் பெற்றவை இரண்டு மட்டுமே. ஒன்று இப்படித் தன்னைத்தானே சோதித்துக்கொள்வது, மற்றொன்று இடைவெளி விட்டுத் திரும்பப் பயில்வது. இரண்டுமே பார்த்துக் கற்பவர், கேட்டுக் கற்பவர் என்று ஆள் பார்ப்பதில்லை. போனில் ஒரு நினைவூட்டலும், வாட்ஸ்அப்பில் ஒரு கேள்வியும் போதும். சீட்டும் பேனாவும் இருந்தாலும் போதும்.

லெசன் பிளானில் மாற வேண்டியது என்ன?

2014 விதிமுறைகளை ஒட்டி வந்த பி.எட் பாடத்திட்டத்தில், தகவல் தொழில்நுட்பத்தை விமர்சனப் பார்வையோடு புரிந்துகொள்வதற்கென்றே ஒரு தாள் இருக்கிறது. அந்த 'விமர்சனப் பார்வை' என்ற சொல்லை நிஜமாகவே எடுத்துக்கொண்டால், ஒவ்வொரு கருவியிடமும் மூன்று கேள்வி கேட்கலாம். இது குழந்தை எங்கே நிற்கிறது என்று எனக்குச் சொல்கிறதா? குழந்தையை யோசித்துப் பதில் சொல்ல வைக்கிறதா? என் நேரத்தைக் கூட்டுகிறதா, தின்கிறதா?

பிறகு லெசன் பிளானின் மூன்று கட்டங்கள். அவற்றை அழிக்கத் தேவையில்லை, தலைப்பை மாற்றினால் போதும். 'பார்த்துக் கற்பவர், கேட்டுக் கற்பவர், செய்து கற்பவர்' என்ற இடத்தில், 'ஒப்பிடத் தெரியாதவர், சமான பின்னம் தெரியாதவர், கூட்டத் தெரியாதவர்' என்று எழுதலாம். முதல் வரிசை குழந்தை எப்படிப்பட்டவர் என்று சொல்ல முயல்கிறது. இரண்டாவது, ஆசிரியருக்கு இந்த வாரம் என்ன வேலை என்று சொல்கிறது.

நமக்கும் இதில் ஒரு வேலை இருக்கிறது. அடுத்த முறை ஆபீஸில் யாராவது 'நீங்க எந்த டைப் லேர்னர்?' என்று படிவம் நீட்டினால், சிரித்துக்கொண்டே நிரப்பிவிட்டுப் போகலாம். வீட்டில் பிள்ளையின் நோட்டில் 2/5 என்று இருந்தால் மட்டும், எந்த ஆப் வாங்கலாம் என்று தேடும் முன் பக்கத்தில் உட்கார்ந்து, "இதை எப்படிப் போட்டே, சொல்லு பார்ப்போம்" என்று கேட்டுவிடுங்கள்.